டாகா அடிச்சா "மூளை செயல்பாடு குறையுது"ன்னு சொல்றாங்களே, ஸ்கேன்ல என்னதான் பார்த்தாங்க?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க நாலு பேர் கூடுற எடம், கல்யாணமோ பதினாறாம் நாள் காரியமோ எதுவா இருந்தாலும் சரி, டாகா (இங்க கஞ்சாவுக்கு அதான் பேரு) பேச்சு வந்துட்டா ரெண்டே கட்சிதான். பெரியப்பா வயசுக்காரங்க "அத இழுத்தவன் மூளை வேலை செய்யாது, ஸ்கேன்லயே காட்டிட்டாங்க"ம்பாங்க, தம்பிமாருங்க "போங்க பெரியப்பா, அது மூலிகை, கோர்ட்டே விட்டுடுச்சு"ம்பாங்க. தமாஷ் என்னன்னா ரெண்டு பக்கமும் ஆதாரமா நீட்டுறது பாதி நேரம் ஒரே வாட்ஸ்அப் செய்திதான், ரொம்ப அடிச்சவங்கள்ல 63 சதவீதம் பேருக்கு மூளை செயல்பாடு குறைஞ்சிருக்குன்னு 2025 ஜனவரில வந்துச்சே, அது. ஒருத்தர் அத "63 சதவீதம் மூளை போச்சு"ன்னு படிக்கிறார், இன்னொருத்தர் "அப்போ மிச்சம் 37 பேருக்கு ஒண்ணுமே ஆகல"ன்னு படிக்கிறார். அந்த ஆராய்ச்சி ரெண்டையுமே சொல்லல. எதை அளந்தாங்க, எப்படி அளந்தாங்க, யாரை யாரோட ஒப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாதான் அந்த நம்பருக்கு ஒரு அர்த்தம் வரும். அத மட்டும் இங்க மெதுவா பார்க்கலாம், அடிக்கலாமா வேணாமான்னு தீர்ப்பு சொல்ல நான் வரல.

## கோர்ட்டு மூளையை அளக்கல

முதல்ல இந்த சட்டப் பேச்ச ஓரமா வெச்சிடுவோம், ஏன்னா பாதி குழப்பம் இதுலதான். 1860 நவம்பர் 16ல கூலி ஆளுங்கள ஏத்திக்கிட்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்லேருந்து டர்பனுக்கு வந்துச்சு, அப்புறம் பத்தே வருஷம், 1870ல நேட்டால் அரசாங்கம் கூலியா வந்த இந்தியருங்க கஞ்சா குடிக்கக் கூடாது, வெச்சிருக்கக் கூடாது, அவங்களுக்கு யாரும் விக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டுடுச்சு. கவலை என்னன்னா தோட்டத்துல வேலை கெட்டுடுமேன்னுதான், ஆளோட மூளை மேல இருந்த அக்கறை இல்ல அது. அதே மாதிரி 2018 செப்டம்பர் 18ல அரசியலமைப்பு நீதிமன்றம் பெரியவங்க தனிப்பட்ட எடத்துல சொந்த உபயோகத்துக்கு வெச்சுக்கிறது, வளர்க்கிறது குத்தமில்லன்னு சொன்னதும் தனியுரிமைங்கிற அடிப்படைலதான். 2024 மே மாசம் ஜனாதிபதி ரமபோசா கையெழுத்துப் போட்ட சட்டமும் அதோட தொடர்ச்சிதான், கடை போட்டு விக்கிறது இன்னும் அதுல கிடையாது. ஆகவே தடை போட்டதால கெடுதின்னோ தடைய எடுத்ததால நல்லதுன்னோ வாதம் பண்றவங்க தப்பான பீரோவுல தேடுறாங்க.

## கோயில் சமையல்கட்டுக்கு வெளிய நிக்கிறோம்னு வெச்சுக்கோங்க

ஈஸ்டர் லீவுல இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும் அந்தக் கூட்டம். அவ்வளவு பேருக்கும் சமைக்கிற எடத்துக்கு உங்கள உள்ள விடல, சுவத்துக்கு வெளிய நிக்கிறீங்க, எந்த அடுப்புல வேலை மும்முரமா நடக்குதுன்னு கண்டுபிடிக்கணும். அடுப்பு தெரியாது. ஆனா குழாய்லேருந்து வாளி வாளியா தண்ணி தூக்கிட்டு ஓடுற பசங்க தெரியுறாங்க. வடக்கு மூலை அடுப்புக்கு அஞ்சு வாளி போச்சு, தெற்கு மூலைக்கு ஒண்ணுதான் போச்சுன்னா வடக்குல வேலை ஜாஸ்தின்னு ஊகிக்கிறீங்க. நல்ல ஊகம்தான். ஆனா நீங்க எண்ணினது வாளிய, சமையல இல்ல. வாளி போறதும் வேலை ஆரம்பிச்சு கொஞ்ச நேரம் கழிச்சுதான். பழுத்த சமையக்காரம்மா ஒரு வாளில முடிக்கிற வேலைய புதுசா வந்த பொண்ணு மூணு வாளில முடிக்கும், அப்போ வாளி கம்மியா போன அடுப்புல சமையல் மோசம்னு சொல்ல முடியுமா? தண்ணி தூக்குற பசங்களே களைச்சுப் போயிருந்தாலும் வாளி கம்மியாதான் போகும், அதுக்கும் அடுப்புக்கும் சம்பந்தமே இல்ல.

மூளை ஸ்கேன் செய்திகள்ல "செயல்பாடு"ன்னு வர்றதுல பெரும்பாலானது இந்த வாளிக் கணக்குதான். செய்தி எழுதுறவங்க வாளியப் பத்தி மூச்சு விடுறதில்ல, அதான் எனக்குக் கடுப்பு.

## நிஜத்துல நடக்கிறது: ரத்தம், ஆக்சிஜன், காந்தம்

இந்த அளவுக்குப் பயன்படுற மெஷின் எஃப்எம்ஆர்ஐ. ஆஸ்பத்திரில இருக்கிற அதே எம்ஆர்ஐ குழாய்தான், ஆனா ஒரே படம் எடுக்காம வினாடிக்கு ஒண்ணு ரெண்டுன்னு தொடர்ந்து எடுத்துக்கிட்டே இருக்கும், மூளை எப்படி இருக்குங்கிறத விட்டுட்டு நேரம் போகப் போக என்ன மாறுதுன்னு பார்க்கும். மூளைல ஒரு பகுதில நரம்பு செல்லுங்க வேலை செஞ்சா அந்தப் பக்கம் ரத்தம் கூடுதலா பாயும், செலவானதுக்கும் மேலயே ஆக்சிஜன் வந்து சேரும். ஆக்சிஜன் ஏத்தின ரத்தமும் ஆக்சிஜன் எறக்கின ரத்தமும் காந்தத்துக்கு ஒரே மாதிரி நடந்துக்காது, அந்த வித்தியாசத்தத்தான் மெஷின் பிடிக்குது. 1990ல செய்ஜி ஓகாவாங்கிற ஜப்பான் விஞ்ஞானி இத எலி மூளைல காட்டினாரு, அதுக்கப்புறம்தான் இந்தத் துறையே. ரத்தம் உச்சத்துக்கு வர்றதுக்கு அஞ்சாறு வினாடி ஆகும், சிக்னல் மாறுறது சாதாரணமா ஒண்ணு ரெண்டு சதவீதம்தான், படத்துல இருக்கிற ஒரு சின்னப் புள்ளிக்குள்ள லட்சக்கணக்கான செல்லுங்க அடங்கியிருக்கும்.

அந்த சிவப்பு மஞ்சள் கலரு? மூளை உள்ள எங்கயும் எரியல. ரெண்டு நிலைமைய ஒப்பிட்டு, வித்தியாசம் குருட்டாம்போக்குல வந்திருக்க வாய்ப்பு கம்மின்னு கணக்கு சொன்ன புள்ளிகளுக்கு கம்ப்யூட்டர் பூசுற சாயம். புள்ளிங்க பல ஆயிரம்ங்கிறதால ஜாக்கிரதையா கணக்கு பண்ணலைன்னா சும்மாவே சிலது கலர் ஆயிடும். 2009ல அமெரிக்காவுல சிலபேரு செத்த சால்மன் மீன மெஷின்ல படுக்க வெச்சு, மனுஷங்க போட்டோவெல்லாம் "காட்டி", திருத்தாத கணக்கப் போட்டுப் பார்த்தா மீனோட மூளைல "செயல்பாடு" வந்துச்சு. மீன் யோசிக்குதுன்னு சொல்றதுக்கு இல்ல, கணக்குல கவனமா இருங்கன்னு சொல்றதுக்குத்தான் அதச் செஞ்சாங்க, 2012ல அதுக்கு, வேடிக்கையான ஆராய்ச்சிக்குன்னு இருக்கிற இக் நோபல் பரிசும் குடுத்தாங்க.

இதுவரைக்கும் வந்தது இவ்வளவுதான்: எஃப்எம்ஆர்ஐ பார்க்கிறது ரத்த ஆக்சிஜன் மாற்றத்த, அதுவும் ஒரு நிலைமைக்கும் இன்னொரு நிலைமைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த. மூளை மொத்தமா எவ்வளவு ஓடுதுன்னு காட்டுற மீட்டர் அதுல கிடையாது.

## டாகா உள்ள போனா என்ன பண்ணுது

கஞ்சாவுல போதை தர்ற முக்கியமான பொருள் டிஎச்சி. 1964ல இஸ்ரேல்ல மெக்கூலமும் கவோனியும் அதத் தனியாப் பிரிச்சு அதோட அமைப்பக் கண்டுபிடிச்சாங்க. அது மூளைல எங்க போய் ஒட்டுதுங்கிறது 1988 வரைக்கும் பிடிபடல, அப்புறம்தான் சிபி1ன்னு ஒரு ஏற்பி இருக்கிறது தெரிஞ்சுச்சு. ஏற்பின்னா செல்லோட மேல்தோல்ல இருக்கிற ஒரு புரதம், குறிப்பிட்ட ரசாயனம் வந்து ஒட்டினா செல்லுக்குள்ள சேதி போகும், அவ்வளவுதான்.

அந்த ஏற்பி கஞ்சாவுக்காக அங்க உக்காந்திருக்கல, நம்ம உடம்பே அதுக்குன்னு ரசாயனம் செய்யுது. ஒரு நரம்பு செல் பக்கத்து செல்லுக்கு சேதி அனுப்பிக்கிட்டே இருக்கு, வாங்குற செல்லுக்கு அது அளவுக்கு மிஞ்சிப் போச்சுன்னா ஒரு ரசாயனத்தப் பின்னோக்கி அனுப்பும், அது அனுப்புற செல்லோட சிபி1ல ஒட்டி "போதும், கொஞ்சம் அடக்கி அனுப்பு"ன்னு சொல்லும். தேவைப்பட்ட எடத்துல, தேவைப்பட்ட நேரத்துல, கொஞ்ச நேரம் மட்டும். டிஎச்சி வந்தா எல்லா எடத்துலயும் ஒரே சமயத்துல, மணிக்கணக்குல அதே "போதும்" விழுது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ், திட்டம் போடுற முன்மூளை, அசைவ சீர்பண்ற சிறுமூளை இங்கெல்லாம் சிபி1 ஜாஸ்தி, அதான் ஒரு ஸோல் (டாகா சுருட்டு) போட்டவனுக்கு பாதி வாக்கியத்துல பேச்சு மறந்து போகுது. மூச்ச நடத்துற மூளைத்தண்டுல அது ரொம்பக் கம்மி. டர்பன் சாட்ஸ்வர்த் பகுதிய ஆட்டி வெச்ச சுகர்ஸ்ங்கிற போதைப்பொருள்ல இருக்கிற ஹெராயின் மாதிரி மூச்ச நிறுத்திக் கொல்ற வேலைய டாகா பண்ணாததுக்கு இது ஒரு பெரிய காரணம். ரெண்டையும் ஒரே கூடைல போட்டுப் பேசுறவங்க இந்த எடத்தக் கவனிக்கணும்.

தினமும் அடிச்சா? செல்லு சிபி1 ஏற்பிகள மேல்தோல்லேருந்து உள்ள இழுத்துக்கும். சத்தம் ஓயலைன்னா காதப் பொத்திக்கிறோமே, அந்தக் கதைதான். பழக்கப்பட்டவனுக்கு அதே அளவு ஏறாம போறது இதனாலதான்.

இத அளக்கிறதுக்கு எஃப்எம்ஆர்ஐ உதவாது, பெட் ஸ்கேன் வேணும்: கதிர்வீச்சு ரொம்பக் கொஞ்சமா இருக்கிற ஒரு பொருள ஊசில ஏத்துவாங்க, அது சிபி1ல போய் ஒட்டும், எங்க எவ்வளவு ஒட்டுச்சுன்னு மெஷின் எண்ணும். 2012ல வந்த ஒரு ஆய்வுல தினமும் அடிக்கிற ஆண்களுக்கு மூளையோட மேற்பட்டைல சிபி1 சுமார் 20 சதவீதம் கம்மியா இருந்துச்சு. அவங்களயே ஒரு மாசம் போல நிறுத்தி வெச்சு, பக்கத்துலயே தங்க வெச்சு, திரும்ப ஸ்கேன் பண்ணினா பெரும்பாலான பகுதிகள்ல பழைய நிலைக்கு வந்திருந்துச்சு. 2016ல இன்னொரு குழு பார்த்தப்போ அந்த மீட்சி ரெண்டு நாள்லயே ஆரம்பிக்குதுன்னு தெரிஞ்சுச்சு. என்னைக் கேட்டா இந்தத் தலைப்புல இருக்கிறதுலயே சுத்தமான அளவு இதுதான், ஏன்னா ஒரே ஆள முன்னயும் பின்னயும் பார்த்திருக்காங்க. ஆனா 20 சதவீதத்துல தலைப்பு போட்டா யாரு கிளிக் பண்ணுவா, அதுவும் திரும்பி வந்துடுச்சுன்னா.

மூணாவது ஒரு வழி ஈஈஜி, தலைல கம்பி ஒட்டி மின் அலையப் பதிவு பண்றது, 1924லயே ஹான்ஸ் பெர்கர் மனுஷன் மேல செஞ்சு பார்த்தாரு. நேரத்த மில்லிவினாடில பிடிக்கும், எடத்த சரியா சொல்லாது. இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு போதும்.

## அந்த 63 சதவீதம்

இப்போ செய்திக்கு வருவோம். அமெரிக்காவுல ஏற்கெனவே ஒரு பெரிய திட்டத்துக்காக ஸ்கேன் எடுத்து வெச்சிருந்த, 22லேருந்து 36 வயசுக்குள்ள இருந்த 1003 பேரோட தகவல கொலராடோ பல்கலைக்கழகத்துக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. வாழ்நாள்ல 1000 தடவைக்கு மேல அடிச்சவங்க "அதிகம்", 10லேருந்து 999 வரைக்கும் "நடுத்தரம்", 10க்கும் கீழன்னா "அடிக்காதவங்க"ன்னு பிரிச்சாங்க. அதிகம் வகைல வந்தது 88 பேருதான். ஸ்கேன் நடக்கும்போது ஏழு விதமான வேலை குடுத்திருந்தாங்க, கை கால் அசைக்கிறது, கதை கேக்குறது, பணம் ஜெயிக்கிற விளையாட்டு, முகத்துல உணர்ச்சி பார்க்கிறது இப்படி.

ஏழுல ஆறுல, கணக்க இறுக்கிப் பிடிச்சப்போ, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் நிக்கல. இத எந்த வாட்ஸ்அப்பும் சொல்லல. நின்னது ஒண்ணே ஒண்ணு, வொர்க்கிங் மெமரி வேலை. வொர்க்கிங் மெமரின்னா ஒரு தகவல கொஞ்ச நேரம் மனசுல பிடிச்சு வெச்சுக்கிட்டே அத வெச்சு வேலை பாக்குறது, யாரோ போன் நம்பர் சொல்லச் சொல்ல பேனா தேடுறீங்களே, அப்ப ஓடுறது. சோதனைல ஒவ்வொண்ணா படம் வரும், இப்ப வந்த படம் ரெண்டு படத்துக்கு முன்னாடி வந்த அதே படமான்னு பட்டன் அழுத்தணும். கேக்க லேசு, செஞ்சு பாருங்க மண்டை காயும். அந்த நேரத்துல முன்மூளையோட மேல்பக்கம், இன்சுலான்னு ஒரு பகுதி, இங்கெல்லாம் அதிகம் அடிச்சவங்களுக்கு ரத்த ஆக்சிஜன் ஏத்தம் சராசரியா கம்மியா இருந்துச்சு. சமீபத்துல அடிச்சவங்கள மூத்திர டெஸ்ட் வெச்சுக் கழிச்சுட்டுப் பார்த்தப்பவும் அது மறையல, அதனால இது சும்மா நேத்து ராத்திரி மப்புன்னு தள்ளிவிடவும் முடியாது.

சரி, வித்தியாசம் எவ்வளவு பெருசு? 63ங்கிறது ஆள் கணக்கு, அதுலேருந்து அளவு தெரியாது. ஆய்வுல குடுத்த அளவு 0.28, அதாவது ரெண்டு குழுவோட சராசரிக்கு நடுவுல இருக்கிற தூரம், அவங்கவங்க குழுவுக்குள்ளயே ஆளுக்கு ஆள் இருக்கிற ஏத்த எறக்கத்துல கால் பங்கு சொச்சம். இத எளிமையாக்கினா இப்படி: அதிகம் அடிச்சவங்கள்ல ஒருத்தர், அடிக்காதவங்கள்ல ஒருத்தர், கண்ண மூடிக்கிட்டு ஜோடி ஜோடியா 100 ஜோடி எடுங்க. வித்தியாசமே இல்லைன்னா 50 ஜோடில அடிச்சவருக்கு கம்மியா இருக்கும். 0.28ன்னா சுமார் 58 ஜோடில கம்மியா இருக்கும், மிச்சம் 42 ஜோடில அடிக்காதவருக்குத்தான் கம்மி. குழுவுக்கு உண்மையான வித்தியாசம், ஆனா ஒரு ஸ்கேனக் கையில குடுத்து "இவரு அடிப்பாரா"ன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது.

சுருக்கிச் சொன்னா: ஏழு வேலைல ஒண்ணுல, மூளையோட சில பகுதில, சராசரில, சின்னதுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்ட வித்தியாசம்.

## கம்மின்னா கெட்டதா?

இங்கதான் வாளி ஞாபகம் வரணும். ஆக்சிஜன் ஏத்தம் கம்மியா இருக்கிறதுக்கு மூணு நாலு காரணம் இருக்கலாம். அந்தப் பகுதி நிஜமாவே மந்தமா இருக்கலாம். அந்த ஆள் முயற்சியே எடுக்காம பட்டன அழுத்திட்டு இருக்கலாம். பழக்கத்துல கம்மி செலவுல அதே வேலை முடியலாம். ரத்தக் குழாயே வேற மாதிரி நடந்துக்கலாம், டிஎச்சி இதயத்துடிப்பையும் ரத்த ஓட்டத்தையும் மாத்தும், ஏன் நம்ம காப்பியே மூளைக்குப் போற ரத்த ஓட்டத்தக் குறைக்கும். அதனால ஸ்கேனோட கூடவே, அந்த ஆள் சோதனைல எத்தனை சரியா அடிச்சாருன்னும் பார்க்கணும். மார்க்கும் குறைஞ்சு ஏத்தமும் குறைஞ்சா அர்த்தம் வேற, மார்க் அதேதான்னா அர்த்தம் வேற. படத்த மட்டும் வெச்சு "பாதிப்பு"ன்னு எழுதுறது அவசரம்.

## கோழியா முட்டையா, அப்புறம் அந்த ஒயிட் பைப்

ஒரே ஒரு தடவை ஸ்கேன் எடுத்து ரெண்டு குழுவ ஒப்பிட்டா எது முந்தின்னு தெரியாது. ஆரம்பத்துலயே கவனம் கொஞ்சம் சிதறுற பையன்தான் பள்ளிக்கூடத்துல ஒதுங்கி டாகா பக்கம் போயிருக்கலாமே. இதுக்குத்தான் நியூசிலாந்து டுனெடின் ஆய்வப் பேசுவாங்க: 1972–73ல பிறந்த 1037 பேர 38 வயசு வரைக்கும் பின்தொடர்ந்தாங்க, அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஐக்யூ எடுத்து வெச்சிருந்தாங்க. பதின்ம வயசுல ஆரம்பிச்சு வருஷக்கணக்கா விடாதவங்களுக்கு சுமார் 8 பாயின்ட் எறங்கியிருந்துச்சுன்னு 2012ல சொன்னாங்க, பெரியவங்களான அப்புறம் ஆரம்பிச்சவங்களுக்கு அப்படி எறங்கல. உடனே அது குடும்ப வசதியால வந்த வித்தியாசமா இருக்கலாமேன்னு எதிர்வாதம் வந்துச்சு. 2016ல இரட்டையருங்கள வெச்சுப் பார்த்தப்போ, ஒருத்தர் அடிச்சு இன்னொருத்தர் அடிக்காத ஜோடிகள்ல அடிச்சவருக்குத் தனியா கூடுதல் எறக்கம் தெரியல, வீடும் வளர்ப்பும்தான் காரணமோன்னு தோண வெச்சுது. ரெண்டும் நல்ல ஆய்வுதான், ரெண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும், ஒண்ண மட்டும் பார்வர்ட் பண்றது மோசடி.

நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல் இருக்கு, அமெரிக்க ஆய்வுல அவ்வளவா வராதது. இங்க நிறைய பேர் டாகாவத் தனியா அடிக்கிறதில்ல. மேன்ட்ராக்ஸ் மாத்திரையப் பொடி பண்ணிக் கலந்து பாட்டில் கழுத்துல இழுக்கிற ஒயிட் பைப், அதுல இருக்கிற மெதக்வலோன் முழுக்க வேற ஜாதி மருந்து, தூக்க மாத்திரை வம்சம். சிகரெட் பொகையில கலக்குறது சகஜம், வெள்ளிக்கிழமை தண்ணி தனி. அப்படி ஒரு அண்ணன் தடுமாறி நடக்கிறத பார்த்துட்டு "பாரு டாகா பண்ணின வேலை"ன்னு தெருவே பேசும், அதுல எது எந்த வேலை பண்ணிச்சுன்னு எந்த மெஷினும் அவர ஒருத்தர மட்டும் வெச்சுப் பிரிச்சுச் சொல்லாது.

## கடைசியா எப்ப அடிச்சாருங்கிற கேள்வி

டிஎச்சி கொழுப்புல கரையும், உடம்புக் கொழுப்புல தங்கி மெதுவாத்தான் வெளிய வரும். தினமும் அடிச்சவருக்கு நிறுத்தி வாரக்கணக்கு ஆனாலும் மூத்திர டெஸ்ட்ல காட்டும், வேலைக்கு டெஸ்ட் குடுக்கப் போய் மாட்டினவங்களுக்கு இது நல்லாத் தெரியும். அந்த டெஸ்ட் அவரு இப்போ மப்புல இருக்காருன்னு சொல்லல, சமீப நாட்கள்லயோ வாரங்கள்லயோ உள்ள போயிருக்குன்னுதான் சொல்லுது. அதனால "ரொம்ப நாள் பழக்கத்தோட விளைவு"ன்னு எதையாவது சொல்லணும்னா முதல்ல இந்த மிச்சத்தக் கழிக்கணும். 2018ல இளவயசுக்காரங்க பத்தின 69 ஆய்வுகள ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க, மொத்தத்துல ஞாபகம் கவனம் இதுலெல்லாம் சின்னதா ஒரு எறக்கம் இருந்துச்சு, ஆனா 72 மணி நேரத்துக்கு மேல நிறுத்தி வெச்சுட்டு சோதிச்ச ஆய்வுகள மட்டும் தனியா எடுத்தா அந்த எறக்கம் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. பெரியப்பா கட்சிக்கு இது கசக்கும். தம்பிங்க கட்சிக்கும் ஒண்ணு சொல்லிடறேன்: தினமும் அடிக்கிறவருக்கு அந்த 72 மணி நேரம் எப்பவுமே வராது, அப்போ அந்த "தற்காலிக" எறக்கம்தான் அவரோட அன்றாடம்.

## முன்னாடியே ஸ்கேன் எடுத்து வெச்சா

இந்தச் சண்டைக்கு நேர் வழி ஒண்ணுதான், யாரும் அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்துட்டு, வருஷா வருஷம் அவங்களயே திரும்பத் திரும்பப் பார்க்கிறது. அமெரிக்காவுல ஏபிசிடின்னு ஒரு ஆய்வு அதத்தான் பண்ணுது. 2016லேருந்து 2018க்குள்ள 9, 10 வயசுப் பிள்ளைங்க கிட்டத்தட்ட 12 ஆயிரம் பேரச் சேர்த்தாங்க, அந்த வயசுல பெரும்பாலும் யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டாங்க. பத்து வருஷம் தொடர்ந்து பார்க்கிறது திட்டம், அந்தப் பிள்ளைங்க இப்போ பதினேழு பதினெட்டு, அதுக்கும் மேல. சிலர் ஆரம்பிச்சிருப்பாங்க, சிலர் தொட்டிருக்க மாட்டாங்க, அண்ணன் தம்பி இரட்டையருங்களும் அதுல இருக்காங்க. முன்மூளை முழுசா முதிர்றதே இருபத்தஞ்சு வயசு வாக்குலதான்ங்கிறதால இந்தப் பத்து வருஷம்தான் எல்லாரும் காத்திருக்கிற பத்து வருஷம். அடுத்த தடவை வாட்ஸ்அப்ல மூளைப் படம் வந்தா முதல்ல பார்க்க வேண்டியது, அந்த ஆளுங்களுக்கு பழக்கத்துக்கு முன்னாடி எடுத்த படம் ஒண்ணு இருக்கா, கடைசியா எப்ப அடிச்சாங்கன்னு எழுதியிருக்கா, ஸ்கேன்ல படுத்திருக்கும்போது அவங்கள என்ன வேலை செய்யச் சொன்னாங்க.